ஆடிட்டுக்கு அடித்த அடி

1

முதலில் ஒரு வதந்திக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறேன். வரதன் அமெரிக்காவில் கோல்ஃப் ஆடுகிறான் என்ற செய்தி ஒரகடத்தில் கிளம்பி, சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோக்களில் ஏறி இறங்கி, கை கால் முளைத்து, நான் சொந்தமாக மைதானமே வாங்கிவிட்டேன் என்ற அளவுக்குப் போயிருக்கிறது. போன மாதம் என் சித்தப்பா மகன் போன் செய்தான்.

"இன்னாபா, பெரிய எடம் ஆயிட்டியாமே? குச்சி தூக்கறதுக்கே தனியா ஆள் வெச்சுகினு கீறியாமே?" என்றான்.

நான் ஆடுவது உண்மை. பெரிய இடம் ஆனது பொய். குச்சிகளை நானேதான் தூக்குகிறேன். தோள்பட்டைக்குத் தைலம் தேய்ப்பதற்குக்கூட ஆள் இல்லை. நாங்கள் இருக்கும் அலபாமாவில் கோல்ஃப் அப்படி ஒன்றும் மகாராஜா விளையாட்டு இல்லை. லாரி ஓட்டுகிறவர் ஆடுகிறார். எங்கள் தெருவில் குழாய் ரிப்பேர் செய்கிறவர் ஆடுகிறார், அதுவும் என்னைவிட நன்றாக.

இந்த ஆடியோடு இங்கே வந்து பன்னிரண்டு வருடம். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் சேர்ந்து, தரப் பிரிவுக்கு நகர்ந்து, அங்கிருந்து அதன் அமெரிக்கக் கிளைக்கு அனுப்பப்பட்டேன். என் வேலை சுலபமாகச் சொல்லக்கூடியது. பெரிய கார் கம்பெனிக்காரர்கள் எங்கள் தொழிற்சாலையைச் சோதிக்க ஆடிட் வருவார்கள். அவர்கள் கேட்பதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் போனபிறகு எல்லோரும் மூச்சு விடுவோம்.

மனைவி சுமதி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். ஒரே மகள் ஆதிரை, பதினாறு வயது. பள்ளியில் அவள் பெயர் "ஆடி". அந்த மாதத்துக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. ஆதிரை என்று சொல்ல இங்கே யாருக்கும் நாக்கு வளையவில்லை, அவ்வளவுதான். அவள் பள்ளியின் கோல்ஃப் அணியில் ஆடுகிறாள். நான் கோல்ஃபுக்கு வந்த கதை அதுதான். பதினோரு வயதில் அவளைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்து ஏன் வியர்க்க வேண்டும் என்று, நானும் ஓரமாக நின்று ஒரு குச்சியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

அப்போதெல்லாம் திரும்பி வரும் வழி முழுக்கப் பேசுவாள். இப்போது காதில் எதையோ மாட்டிக்கொள்கிறாள். "எப்படிம்மா ஆடினே?" என்றால் "குட்" என்பாள். நன்றாக ஆடியிருந்தால் மதிப்பெண் அட்டையை நீட்டுவாள். நீட்டாத நாட்களில் நான் கேட்க மாட்டேன். கேட்காமலே நாலு ஆலோசனை மட்டும் சொல்வேன். தோளை இறக்கு, தலையை ஆட்டாதே, அவசரப்படாதே. தரப் பிரிவில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் வேறு எப்படிப் பேசுவான்?

இந்த ஏப்ரலில் அவள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பள்ளி திறந்ததும் எங்கள் ஊர் மைதானத்தில் பெற்றோரும் பிள்ளையும் ஜோடியாக ஆடும் ஒரு போட்டி நடக்கும். இருவருக்கும் ஒரே பந்து. பிள்ளை ஒரு அடி, பெற்றவர் ஒரு அடி என்று மாறி மாறி அடிக்க வேண்டும். அப்பன் பந்தைப் புதருக்குள் அனுப்பினால், அந்தப் புதரிலிருந்து அடிக்க வேண்டியது பிள்ளை. அந்தப் படிவம் போட்டிக்கானது என்று நினைத்துச் சந்தோஷமாகப் பேனா எடுத்தேன். படித்தால், "என் பிள்ளை வேறொரு பெரியவருடன் ஜோடி சேர்ந்து ஆட எனக்குச் சம்மதம்" என்று எழுதியிருந்தது. கீழே கோடு போட்ட இடத்தில் என் கையெழுத்து வேண்டுமாம்.

"யாரோட ஆடப் போற?"

"என் ஃப்ரெண்ட் எம்மாவோட டாட். டேவிட் அங்கிள். எம்மா அவங்க அம்மாவோட ஆடறா. அவர் நல்லா ஆடுவார்."

"ஏன், நான்?"

"அப்பா, ப்ளீஸ்" என்றாள். அதற்கு மேல் அந்த வாக்கியத்தில் ஒன்றும் இல்லை. தேவையும் இல்லை.

இன்னும் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போய்விடுவாள். அடுத்த வருடம் பரீட்சை, விண்ணப்பம் என்று ஓடிவிடும். எப்படிப் பார்த்தாலும் இதுதான் கடைசி வாய்ப்பு. ஒரே ஒரு தடவை அவளோடு ஒரு பந்தை அடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் ஆசையாக இருந்தது. "ஊருக்குப் போய்விட்டு வரும்வரை டைம் கொடு. ஜூலைக் கடைசியில் முடிவு பண்ணு" என்று கெஞ்சி, கையெழுத்துப் போடாமல் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

2

பழியை முதலில் குச்சிகள்மேல் போட்டேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். ஆனால் என் விஷயத்தில் மேடை கொஞ்சம் கோணல்தான். என் குச்சிகள் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது வாங்கியவை. அவற்றின் பழைய சொந்தக்காரர் ஆறே கால் அடி. நான் ஐந்தடி நாலு அங்குலம். பாதிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு மீதியை வயிற்றில் இடித்துக்கொண்டு ஐந்து வருடம் ஆடியிருக்கிறேன்.

இது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒரகடத்தில் முதல் நாள் ஸ்டோர்ஸில் பாதுகாப்பு ஷூ கொடுத்தபோது ஒன்பதாம் நம்பர்தான் இருந்தது. என் கால் ஏழு. "வேஸ்ட் துணி வெச்சுக்கோ" என்றார் ஸ்டோர் கீப்பர். மூன்று வருடம் கட்டைவிரலுக்கு முன்னால் துணி உருண்டையோடு நடந்தேன். கருவி என்பது கொடுக்கப்படுவது. நாம்தான் அதற்குள் நுழைந்துகொள்ள வேண்டும். நாங்கள் வளர்ந்த விதம் அப்படி.

ஆதிரையின் பயிற்சியாளர்தான் சொன்னார், உயரத்துக்கும் கை நீளத்துக்கும் வீச்சுக்கும் தகுந்தாற்போல் குச்சியைப் பொருத்தித் தருகிற கடை இருக்கிறது என்று. அந்த வேலை செய்கிறவருக்குப் பெயர் ஃபிட்டர். ஊருக்குப் போன் செய்தபோது சித்தப்பா மகனிடம் சொன்னேன். "ஐடிஐ முடிச்சவரா?" என்றான்.

ஆதிரையும் கூட வந்தாள். அவளுக்கும் புதுக் குச்சி தேவைப்பட்டது. ஃபிட்டர் குடுமி வைத்த ஓர் இளைஞர், பெயர் டைலர். என்னை வெறும் காலோடு நிற்கவைத்து உயரம் எடுத்தார். மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தார். உள்ளங்கையை அளந்தார். என் கல்யாணக் கோட்டுக்குக்கூட யாரும் இவ்வளவு அளவு எடுத்ததில்லை. பிறகு ஒரு பலகைமேல் நின்று பந்தை அடிக்கச் சொன்னார். குச்சியின் அடியில் ஒரு டேப் ஒட்டியிருந்தது. பலகையில் எங்கே உரசுகிறதோ அங்கே டேப்பில் கறை விழும். அதைப் பார்த்து, குச்சியின் தலை தரையில் எவ்வளவு நிமிர்ந்து உட்கார வேண்டும், எவ்வளவு படுத்து உட்கார வேண்டும் என்று கண்டுபிடிப்பார்கள். பக்கத்தில் ஒரு கேமரா என் வீச்சின் வேகத்தை அளந்தது. வேகத்துக்குத் தகுந்தபடிதான் கம்பியின் விறைப்பு.

கேமராவில் பச்சை விளக்கு எரிந்ததும் எனக்குள் என்னவோ நடந்தது. முதுகு நிமிர்ந்தது. முழங்கை பக்குவமாக ஒட்டிக்கொண்டது. குச்சியை மெதுவாக, மிக மெதுவாக மேலே கொண்டுபோய், சுவரில் மாட்டியிருந்த படத்தில் இருப்பவரைப் போல அழகாக இறக்கினேன். பந்து நேராகப் போயிற்று. இன்னொன்று. அதுவும் நேராக. இருபது பந்தும் அப்படியே.

"அழகான வீச்சு, சார்" என்றார் டைலர்.

ஆதிரை முதல் தடவையாக என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். அப்புறம் அவள் அடித்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு தோள், தலை என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் இருவருக்கும் குச்சிகள் வந்துவிட்டன. நிமிர்ந்த தலை, மிருதுவான கம்பி. என் வாழ்க்கையில் எனக்கென்றே அளந்து செய்த முதல் சாமான். பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க வரவேற்பறையில் வைத்திருந்தேன். சுமதி அதற்குக் குங்குமம் வைத்தாள்.

மறு ஞாயிறு மைதானத்துக்குப் போனோம். முதல் பந்து இடது பக்கம் போயிற்று. சரி, முதல் பந்து. இரண்டாவதும் இடது. மூன்றாவது இடதுபுறம் குளத்தில். நான்காவது பக்கத்துப் புல்வெளியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பாதிரியாரின் வண்டியில் பட்டு டங்கென்றது. அவர் கையெடுத்து ஆசீர்வதிப்பதுபோல ஏதோ செய்தார். அது ஆசீர்வாதம் இல்லை என்று ஆதிரை சொன்னாள். பழைய நீளக் குச்சியில் நாலில் இரண்டாவது உருப்படியாகப் போகும். அளந்து செய்ததில் ஒன்றுகூடப் போகவில்லை.

காரில் ஆதிரை காதில் மாட்டியதைக் கழற்றவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "அப்பா, அந்த ஃபார்ம்..." என்றாள்.

3

ஜூனில் ஊருக்குக் கிளம்பினோம். குச்சிப் பையையும் தூக்கிக்கொண்டேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பையை நிறுத்தினார்.

"விக்கறதுக்கா சார்?"

"ஆடறதுக்கு."

"யாரு?"

"நான்தான்."

என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. ஒரு குச்சியை உருவித் தானே தரையில் வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் ஒயரமா இருக்கே உங்களுக்கு?" என்றார். இருபது பந்து, கேமரா, டேப் எதுவும் இல்லாமல் அந்த மனிதர் கண்டுபிடித்ததை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

ஊரில் நான் தேடிப் போனது கன்னியப்பனை. அவனும் நானும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவர்கள். நான் லைனில், அவன் டூல் ரூமில். பின்னாளில் ஷிஃப்ட் மாற்றத்தில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். இப்போது ஸ்ரீபெரும்புதூரில், ஒரு கொரிய உணவகத்துக்கு மேல்மாடியில் இருக்கும் கோல்ஃப் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறான். ஒரு சுவர் முழுக்கத் திரை. எதிரே பச்சை விரிப்பு. பந்தைத் திரையில் அடித்தால், அதற்குள் மலையும் குளமுமாக மைதானம் ஓடும். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளின் கொரிய மேனேஜர்கள் வேலை முடிந்து வந்து அடிப்பார்கள். அவர்களுடைய குச்சிகளின் பிடி மாற்றுவது, கம்பி மாற்றுவது, தலையை வளைப்பது எல்லாம் கன்னியப்பன். ஒரு கொரிய வாத்தியாரிடம் கற்றுக்கொண்டானாம். மூலையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அவனுடைய பழைய பெஞ்ச் வைஸும் கோணமானியும் இருந்தன.

ஆதிரை கைகூப்பி, "வணக்கம். தங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்றாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் கைங்கரியம்.

கன்னியப்பன் ஒரு நிமிடம் பேந்தப் பேந்த விழித்தான். "இன்னாடா வரதா, பொண்ணு நியூஸ் வாசிக்குது?"

விஷயத்தைச் சொன்னேன். "சரி, அடி பாப்போம்" என்று இயந்திரத்தைப் போட்டான். விளக்கு எரிந்தது. நான் நிமிர்ந்தேன், முழங்கையை ஒட்டினேன், மெதுவாகத் தூக்கி அழகாக இறக்கினேன். திரையில் பந்து நேராகப் போயிற்று.

"இங்க நேராத்தான் போவுது. மைதானத்துலதான் லெஃப்ட்ல போவுது" என்றேன்.

கன்னியப்பன் பந்தைப் பார்க்கவே இல்லை. என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆதிரையிடம் கேட்டான். "பாப்பா, அப்பா மைதானத்துலயும் இப்டிதான் நிப்பாரா?"

"இல்லை அங்கிள். அங்கே இப்படி நிற்பார்" என்று அவள் முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, கையைத் தொங்கவிட்டுக் காட்டினாள். தொலைந்த சாவியைத் தேடுகிறவன் மாதிரி இருந்தது.

கன்னியப்பன் சிரிக்க ஆரம்பித்தான். வைஸைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேபிள்! டேபிள் ஞாபகம் கீதாடா?" என்றான்.

ஞாபகம் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. நடந்தது இதுதான். நான் லைனில் இருந்த காலத்தில், வேலை செய்கிறவர்களின் முதுகு வலியைப் பற்றி ஒரு ஆடிட் வந்தது. ஆடிட் நாள் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்பார்கள். எதிர்த்துப் பேசுகிறவனுக்கு அன்றைக்கு லீவு. மற்றவர்களெல்லாம் சுவரில் ஒட்டிய படத்தில் இருப்பது போலவே நிற்போம், மெதுவாக வேலை செய்வோம். வந்தவர் என் பக்கத்தில் நின்று முழங்கை உயரத்தை அளந்தார். நானோ படத்தில் இருந்தவனைவிட நேராக நின்றேன். அந்த அளவை வைத்துக்கொண்டு கம்பெனி நல்லெண்ணத்தோடு எல்லா மேசைகளையும் நாலு விரல் உயர்த்திவிட்டது. மறுநாள் நாங்கள் எல்லோரும் எங்கள் வழக்கப்படி குனிந்தோம். மேசை மோவாயில் இடித்தது. ஒரு மாதம் மரப் பலகைமேல் ஏறி நின்று வேலை செய்தோம். கடைசியில் கன்னியப்பன்தான் டூல் ரூமிலிருந்து ரம்பத்தோடு வந்து, ஒவ்வொரு மேசைக் காலாக அறுத்துக் கொடுத்தான்.

"அன்னிக்கு ஆடிட்டுக்கு நின்ன மாதிரியே அமெரிக்காலயும் நின்னுகிற. அந்த ஆளு பாவம், அதுக்குத் தக்கன குச்சி போட்டுக் குட்த்துட்டான். நிமிந்து நிக்கிறவனுக்கு நிமிந்த தலை, மெதுவா அடிக்கிறவனுக்குத் தொளதொள கம்பி. நீ மைதானத்துல போயி குனிஞ்சு, சடார்னு அடிக்கிற. தலை மூக்கைத் தூக்கினு நிக்குது, கம்பி வளைஞ்சு அடிக்குது. ரெண்டும் சேந்து லெஃப்ட்ல இழுக்காம இன்னா செய்யும்?"

"அப்ப இப்ப நான் குனிஞ்சு அடிக்கிறேன், அள" என்றேன். குனிந்தேன். விளக்கைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. மறுபடி குனிந்தேன். மறுபடி நிமிர்ந்தது. நான் என்ன செய்வேன், சோதிக்க வருகிறவன் முன்னால் ஒழுங்காக நின்று நின்றே சம்பளம் வாங்கியவன்.

கன்னியப்பன் இயந்திரத்தின் பக்கம் போய் எதையோ தட்டினான். "சே, ஹேங் ஆயிட்ச்சு. திரும்பி வர பத்து நிமிஷம் ஆவும். நீ சும்மா கை சூடு பண்ணிகினு இரு" என்று, மூலையில் கிடந்த ஒரு குட்டைக் குச்சியை என்னிடம் கொடுத்தான். யாரோ ஒரு கொரியர் விட்டுப்போனது. திரை இருண்டிருந்தது. ஆதிரை போனை எடுத்துக்கொண்டாள்.

"அந்த பி ஷிஃப்ட் பஸ் டிரைவர் ஞாபகம் கீதா? பிளான்ட் மேனேஜரையே வுட்டுட்டு வந்தாரே?"

"அந்தாளா! வல்லம் கூட்ரோடு வர்றவரைக்கும் ஒருத்தனும் வாயத் தெறக்கலியே. அவுரு பின்னாடி டூ வீலர்ல தொரத்திகினு வர்றாரு, இவன் கண்ணாடியில பாத்துட்டு, 'எவனோ ரேஸ் வுட்றான்'னு இன்னும் மிதிக்கிறான்!" நான் பேசிக்கொண்டே அடித்தேன். அடித்துக்கொண்டே சிரித்தேன். பன்னிரண்டு வருடமாகப் பேசாத பேச்சு, அணை உடைந்த மாதிரி வந்தது. ஆதிரை போனை இறக்கிவிட்டு வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் அவளிடம் பேசுவது வேறு தமிழ். பிள்ளை நல்ல தமிழ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பேசுகிற தமிழ்.

பத்து பந்து போனதும் கன்னியப்பன் திரையைத் திருப்பிப் போட்டான். இயந்திரம் ஹேங் ஆகவே இல்லை. பத்தும் பதிவாகியிருந்தன. அதில் குட்டையாக ஓர் ஆள் குனிந்து நின்று, குச்சியைப் பாதிக்குத் தூக்கி, சடாரென்று ஒரே தட்டாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இதான் நீ. ரெண்டாம் நம்பர் டேபிள்ல நைலான் சுத்தியால பார்ட்டுக்குள்ள புஷ் தட்டி எறக்குவியே, அந்தத் தட்டு" என்றான் கன்னியப்பன்.

பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் பத்தில் எட்டு நேராகப் போயிருந்தது. கன்னியப்பன் என் புதுக் குச்சிகளை ஒவ்வொன்றாக வைஸில் மாட்டித் தலையைக் கீழே வளைத்தான். தொளதொள கம்பிகளைக் கழற்றி விறைப்பானவற்றைப் போட்டு, அரை அங்குலம் அறுத்தான். மேசைக் கால் அறுத்த அதே முகத்தோடு அறுத்தான்.

4

கிளம்பும் நேரத்தில், "பாப்பா, நீயும் ரெண்டு அடி" என்றான்.

ஆதிரை அடித்தாள். பாடப் புத்தகம் மாதிரி வீச்சு. நான் பெருமையோடு, "வெரி குட். தோள் மட்டும் கொஞ்சம்..." என்றேன்.

கன்னியப்பன் அவள் பிடியைப் பார்த்தான். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. "வரதா, போயி டீ வாங்கினு வா" என்றான்.

"டீதான் இங்கயே ஃபிளாஸ்க்ல கீதே?"

"சக்கரை இல்லாத டீ வாங்கினு வா."

அவன் சர்க்கரை இல்லாமல் டீ குடித்து நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் இறங்கினேன். படிக்கட்டின் பாதியில், உள்ளே பந்து அடிபடும் சத்தம் கேட்டது. எனக்குப் பழக்கமான சத்தம் இல்லை. ஐந்து வருடமாக அவள் அடிப்பதைக் கேட்டிருக்கிறேன். இது அதைவிடப் பலமாக, தெளிவாக இருந்தது. அப்புறம் எதையோ சொத்தையாக அடித்தாள் போலிருக்கிறது, ஓட்டுக் கூரையில் கல் விழுந்த மாதிரி ஒரு ஓசை. உடனே சிரிப்பு. ஆதிரையின் சிரிப்பு. சொத்தையாக அடித்துவிட்டு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. நான் இருக்கும்போது சொத்தையாக அடித்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கம் பார்ப்பாள்.

டீயோடு மேலே வந்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. கன்னியப்பன் என்னைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"கோச்சுக்காத. பொண்ணு குச்சியும் தப்பு. நீ பக்கத்துல நிக்கச் சொல்லோ அளந்திருக்காங்க. நீ இல்லாங்காட்டி வேற அடி அடிக்குது. சோக்கான அடி. நீ வந்தா டக்குனு ஒடம்பு கட்டையாப் பூடுது." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தான். "உனுக்கு ஆடிட்டர் யார் யாரோ. அதுக்கு ஆடிட்டர் நீதான்டா."

எனக்குச் சுருக்கென்றது. மதிப்பெண் அட்டையை நீட்டிய நாட்களும் நீட்டாத நாட்களும் வரிசையாக ஞாபகம் வந்தன. அழுகை வந்தது என்று எழுதினால் சித்தப்பா மகன் கேலி செய்வான். வந்தது.

மறுநாள் அவள் குச்சிகளையும் கன்னியப்பனிடம் விட்டேன். நான் உள்ளே போகவில்லை. கீழே கொரிய உணவகத்தின் வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கம்பெனி பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதிரை இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, டேவிட் அங்கிள் வேணாம். உங்களோட ஆடறேன். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"நான் அடிக்கும்போது நீங்க பாக்கக் கூடாது. ஷோல்டர்னு சொல்லக் கூடாது. மூஞ்சியாலயும் சொல்லக் கூடாது."

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆடிட் அறிக்கைகளை மறுத்து வாதாடியிருக்கிறேன். இதை மட்டும் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

5

போட்டி ஒன்பது குழிகளுக்கு. நாங்கள் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாற வேண்டாம். டேவிட் தன் இரண்டாவது மகனோடு ஆடி முதல் பரிசு வாங்கினார்.

முதல் அடி என் முறை. சுற்றிலும் ஐம்பது பேர். என் முதுகு நிமிர்ந்தது. நிமிர்ந்தது எனக்கே தெரிந்தது. ஆனால் இறக்க முடியவில்லை. பின்னாலிருந்து ஆதிரையின் குரல் சத்தமாக வந்தது. தமிழ்நாட்டில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்த தமிழ்.

"அப்பா, மிஷின் ஹேங் ஆயிட்ச்சுபா. சும்மா அடி."

குனிந்தேன். தட்டினேன். நேராகப் போயிற்று. பக்கத்தில் ஒருவர் என் வீச்சைப் பார்த்து இருமினார். இருமிவிட்டுப் போகட்டும்.

அவள் அடிக்கும்போதெல்லாம் சொன்ன வாக்குப்படி திரும்பிக்கொண்டேன். அந்த மைதானத்தின் கார் நிறுத்தம், பைன் மரங்கள், குப்பைத் தொட்டி எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். அவள் அடியைக் காதால்தான் பார்த்தேன். பலமான சத்தம் கேட்டு, கூட வந்த ஜோடி "வாவ்" என்றால் நல்ல அடி. மௌனம் என்றால் இல்லை. திரும்பிப் பார்த்து முகம் எதையும் சொல்லிவிடாமல் இருக்க, நாக்கை மடித்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது குழியில் "வாவ்" இரண்டு தடவை வந்தது. என் மகளின் மிகச் சிறந்த அடி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அப்போது ஒரு அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது குழியில் நடுவில் குளம். நான் பந்தைக் குளத்துக்கு இந்தப் பக்கம் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்தேன். அடுத்தது அவள். திரும்பிக்கொண்டேன். தட்டையாக ஒரு சத்தம், அதன்பின் 'ப்ளக்' என்று இன்னொன்று. கூட வந்தவர்கள் மரியாதைக்காக வேறெங்கோ பார்த்தார்கள். நான் கார் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா" என்று கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்க."

"பாக்கலாமா?"

"வாங்கன்னா."

போனேன். "உள்ள பூட்ச்சுபா" என்றாள், விரலை நீட்டி. தண்ணீரில் வட்டம் வட்டமாக விரிந்துகொண்டிருந்தது. அவள் உதட்டைக் கடிக்கவில்லை. வட்டம் கரைக்கு வந்து சேரும்வரை இருவரும் நின்று பார்த்தோம். ஐந்து வருடத்தில் அவளாகக் கூப்பிட்டு எனக்குக் காட்டிய முதல் மோசமான அடி அது.

விதிப்படி தண்டனைக்கு ஒன்று கூட்டிக்கொண்டு, கரையில் புதுப் பந்தை வைத்தோம். அடுத்தது என் முறை. அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அடித்தேன். அதே குளத்தில், ஏறக்குறைய அதே இடத்தில் விழுந்தது.

வேண்டுமென்றே போட்டேன் என்று இன்றுவரை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சத்தியமாக இல்லை.